ஏழாவது டிரம்

ஏழாவது டிரம்மில் மட்டும் தீவனம் குறையவேயில்லை.

அமிர்தவள்ளி மூடியைத் திறந்து விரலை வைத்து அளந்தாள். பதினோரு நாளுக்கு முன்னால் கம்பும் உடைத்த மக்காச்சோளமும் கலந்து கொட்டியபோது, விளிம்புக்கும் தீவனத்துக்கும் நடுவே நாலு விரல் இடம் இருந்தது. மற்ற பதினொரு டிரம்களையும் அதற்குள் இரண்டு தடவை நிரப்பியாகிவிட்டது. இதில் இன்றைக்கு மூன்று விரல் இடம்தான் இருக்கிறது. தீவனம் ஏறியிருக்கிறது.

"ஈரத்துல ஊதியிருக்கும்," என்று சத்தமாகவே சொன்னாள். கார்த்திகை மாதம், நாலு நாளாக விட்டு விட்டுத் தூறல். அந்தத் தெருவில் டிகிரி வாங்கிய முதல் பெண் அவள், அதுவும் வேதியியல். எதற்கும் ஒரு காரணத்தைச் சொல்லி அதன் வாயை அடைக்காமல் அவளுக்குத் தூக்கம் வராது. ஆனால் ஊறிய தானியம் புளித்த வாடை அடிக்கும். கையை உள்ளே விட்டால் இது காய்ந்து, சரசரவென்று இருந்தது. வெதுவெதுப்பாகவும் இருந்தது, இப்போதுதான் யாரோ எழுந்துபோன பாயில் கை வைத்த மாதிரி.

கையை வெளியே எடுத்துப் பாவாடையில் துடைத்தாள். துடைக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் துடைத்தாள்.

ஆம்பூரைத் தாண்டி, பாலாற்றை ஒட்டி, அவர்களுடைய அரை ஏக்கர் நிலத்தின் கோடியில் நின்றது அந்தத் தகரக் கொட்டகை. காற்று கிழக்கிலிருந்து வந்தால் வெறும் மண்வாசனை. மேற்கிலிருந்து திரும்பினால் தோல் பதனிடும் தோல்ஷாப்புகளின் வாடை, அழுகிய முட்டையும் சுண்ணாம்பும் பச்சைத்தோலும் ஒன்றாகக் கலந்து, தலைமுடிக்குள் புகுந்து, சாப்பாட்டுத் தட்டில் வந்து உட்காரும். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் அதை வாடை என்றே சொல்வதில்லை. அமிர்தவள்ளிக்கு அது அப்பாவின் வாசனை. சின்ன வயதில் அப்பாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு போகும்போது சுண்ணாம்புத் தொட்டிகளிலிருந்து தோலை இழுத்துப் போடுவதைப் பார்த்திருக்கிறாள்: மயிரெல்லாம் கரைந்து, வெளுத்து, ஊறிப் பருத்து, நனைந்த சோப்புக்கட்டி மாதிரி வழவழவென்று நழுவும் தோல். உயிரோடு இருந்த எதற்கும் அப்படி ஒரு வெள்ளை இருக்காது.

அப்பா செத்த பிறகு அம்மா பாக்யலட்சுமிக்கு ஷூ கம்பெனியில் தையல் மிஷின் வேலை. அண்ணன் இன்பராஜ் வாணியம்பாடி ரோட்டில் ஒரு தோல்ஷாப்பில் சூப்பர்வைசர். அமிர்தவள்ளிக்கும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை இருந்தது. 'படிச்ச திமிர்' என்று மேனேஜர் சொன்னதற்கு அவள் திருப்பிச் சொன்ன நாலு வார்த்தையில் அது போயிற்று. அதன் பிறகுதான் கின்னிக்கோழி. நாற்பது கோழி. அதன் பிறகு டிரம்.

கடையில் விற்கிற தீவனப் பெட்டிகள் அநியாய விலை. மழை பட்டால் நாலு மாதத்தில் உடையும். இருநூறு லிட்டர் பழைய பிளாஸ்டிக் டிரம் ஒன்று கிடைத்தால் போதும் அவளுக்கு. சலவை சோடாவில் மூன்று முறை கழுவி, மூன்று நாள் வெயிலில் கவிழ்த்து வைப்பாள். அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நாலு பக்கமும் டிரில்லால் வட்டம் எடுத்து, வளைந்த குழாய்த்துண்டான மூன்றங்குல பிளம்பிங் எல்போவை வாய் மேலே பார்க்கச் செருகி, சுற்றிலும் சீல் வைப்பாள். மேலே மூடி. தீவனம் தானாக இறங்கி எல்போவின் வாய்வரை வந்து நிற்கும். கோழி தலையை விட்டுக் கொத்தும். ஒரு மணி கீழே சிந்தாது. எலி ஏறாது, மழை இறங்காது. வீடியோ போட்டதும் ஏலகிரி மலையில் ஒரு ரிசார்ட்டிலிருந்து பன்னிரண்டு கேட்டார்கள். அங்கே ஃபெசன்ட் வளர்க்கிறார்களாம்.

கோழி தின்னாத டிரம்மை அவள் விற்க மாட்டாள். அதனால்தான் பன்னிரண்டையும் தன் கோழிகளுக்கே வைத்து இரண்டு வாரம் பார்க்கிறாள். பதினொன்று பாஸ். ஏழாவதின் பக்கத்தில் ஒரு கோழியின் கால்தடம்கூட இல்லை. மண்ணில் அதைச் சுற்றி வட்டம் போட்ட மாதிரி சுத்தமாக இருந்தது.

வெளியே குட்டியானை வண்டி வந்து நின்றது. கலீமுல்லா பாய் இறங்கினார். பழைய டிரம் வியாபாரி, நாளைக்கு லோடு ஏற்றப்போகிறவரும் அவரே.

"இன்னாம்மா, ரெடியா? காலைல ஆறுக்கெல்லாம் எடுத்துடுவேன். லேட்டாச்சுன்னா ஏலகிரி வளைவுல என் வண்டி பேஜார் பண்ணும்."

"பதினோன்னு ரெடி பாய். ஒன்னுதான் மக்கர்."

"அது இன்னா கோழிம்மா, டிரம்மு டிரம்மா தின்னுது?"

"ஃபெசன்ட்டு. ஃபாரின் கோழி. வாலு மட்டும் மூணடி."

"மூணடி வாலா! பிரியாணி தம்ல போட்டா அண்டா மூடாதே."

"சாப்பிடறதுக்கு இல்ல பாய், பாக்கறதுக்கு."

"பாக்கறதுக்குக் கோழியா? துட்டு ஜாஸ்தியானா இப்டிதான், கண்ணாலயே துன்னுவானுங்க." சிரித்துக்கொண்டே கொட்டகைக்குள் வந்தவர் நின்றார். மேலே பார்த்தார். "இது இன்னாம்மா? நான் வாசல்ல கால வச்சாலே உன் கோழிங்க ஊரக் கூட்டுமே. இன்னிக்கு மௌன விரதமா?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கின்னிக்கோழி என்றால் கத்தல். தபால்காரர் வந்தால் கத்தும், பாம்பு வந்தால் கத்தும், புது நிறத்தில் புடவை கட்டினால் கத்தும். நாற்பதும் கொட்டகையின் தூரக் கோடியில், உயரக் கழியில், ஒன்றோடொன்று நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியிருந்தது.

கலீமுல்லா ஏழாவது டிரம்மைக் குனிந்து பார்த்தார். அடியைத் தடவினார்.

"இது நம்ம டிரம்மு இல்லியே."

"இன்னா பாய் சொல்றீங்க? பன்னண்டும் உங்ககிட்ட எடுத்தது. மீன் எண்ணெய் டிரம்முன்னு அண்ணன் சொன்னானே."

"நம்ம கோடவுன் டிரம்முக்கெல்லாம் அடில சிவப்புக் கோடு இருக்கும், பாரு. இதுல எங்க? நான் பதினோன்னுதான் இறக்கினேன். இன்பராஜ்தான் சொன்னாரு, 'ஒன்னு கம்மி பண்ணிக்க பாய், ஒன்னு நானே கொண்டாறேன்'னு. உங்கிட்ட சொல்லலியா?"

அவள் குனிந்து டிரம்மின் அடியைப் பார்த்தாள். கோடு இல்லை.

டொக். டொக். டொக்.

சத்தம் டிரம்மிலிருந்து வந்தது. பிளாஸ்டிக்கின் உள்பக்கத்தை விரல்கணுவால் தட்டுகிற சத்தம், நிதானமாக, சமமான இடைவெளியில்.

"கோழி கொத்துது," என்றார் கலீமுல்லா. சொல்லிவிட்டு மறுபடி கழியைப் பார்த்தார். நாற்பதும் அங்கேதான் இருந்தன. அவர் கையை டிரம்மிலிருந்து மெதுவாக எடுத்துக்கொண்டார். "மஃரிப் தொழுகை நேரமாச்சும்மா. வர்றேன்." வாசலில் திரும்பி, "அத ஏத்த மாட்டேன். பதினோன்னுதான் ஏத்துவேன்," என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அமிர்தவள்ளிக்கு இந்தச் சத்தம் புதிதில்லை. மூன்று நாளாகக் கேட்கிறாள். கோழிதான் கொத்துகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டதும் மூன்று நாளாகத்தான். பயத்துக்கு முன்னால் வந்தது கோபம். ஏனென்றால் அந்த மூன்று தட்டு அவளுக்குத் தெரியும்.

அண்ணனின் தோல்ஷாப்பில் வேலை பார்த்த, அவள் கட்டிக்கொள்ள இருந்த ஆல்வின் சொல்லிக் கொடுத்தது. தோல்ஷாப்பில் கழிவுத் தொட்டிக்குள் ஆள் இறங்கினால், இடுப்பில் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையோடு இன்னொருவன் மேலே நிற்பான். உள்ளே இருட்டு, மோட்டார் சத்தம், கத்தினால் கேட்காது. அதனால் உள்ளே இருப்பவன் குழாயில் மூன்று தட்டுவான்: நான் நல்லா இருக்கேன். மேலே இருப்பவன் இரண்டு தட்டுவான்: மேல நான் இருக்கேன், நீ உன் வேலையப் பாரு. மூன்று வராவிட்டால் மேலே இருப்பவன் கயிற்றை இழுக்கவேண்டும். இரண்டு வராவிட்டால் உள்ளே இருப்பவன் ஏறிவிடவேண்டும். எழுதி வைத்த சட்டம் எதுவும் இல்லை. அதை நம்பித்தான் இறங்குவார்கள்.

டீக்கடை மேஜையில், பஸ் கம்பியில், அவளுடைய ஸ்கூட்டி சீட்டில் ஆல்வின் மூன்று தட்டுவான். அவள் இரண்டு தட்டவேண்டும். தட்டாவிட்டால், "அய்யோ, மேல ஆள் இல்ல, நான் செத்தேன்," என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வான்.

எட்டு மாதத்துக்கு முன்னால் அவனிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. 'என்னைத் தேடாதே. என்னை மன்னித்துவிடு.' அவ்வளவுதான். போன் அணைந்தது. அதற்குள் இருவரும் சர்ச்சில் கல்யாணத்துக்குத் தேதி கேட்டிருந்தார்கள். மதம் வேறு என்று அம்மா சோறு தின்னாமல் கிடந்தபோது, 'அவனவிட நல்லவன் உனக்குக் கிடைப்பானாடி, கட்டிக்கோ, நான் பாத்துக்கறேன்' என்று சொன்ன ஒரே ஆள் இன்பராஜ். ஆல்வின் ஓடிப்போனதும் தெருவே அவளைப் பார்த்துச் சிரித்தபோது, கூடவே நின்று தகரம் வாங்கி, கொட்டகை போட்டுக்கொடுத்ததும் இன்பராஜ். ஒருத்தன் கைவிட்டான், ஒருத்தன் கைகொடுத்தான். எட்டு மாதமாக அவள் இந்த ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நடமாடினாள். இதுவும் தப்பு என்று ஆகிவிட்டால் அவளுக்கென்று ஒரு ஆள் மிச்சமில்லை.

அவள் போனை எடுத்தாள்.

"அண்ணா, ஏழாவது டிரம் எங்கேர்ந்து வந்துச்சு?"

அந்தப் பக்கம் மோட்டார் சத்தம் மட்டும் கேட்டது.

"ஏன், இன்னா ஆச்சு?"

"பாய் தன்னுது இல்லன்றாரு."

"அவனுக்கு இன்னா தெரியும்…" மூச்சு இழுக்கும் சத்தம். "நீ அதத் தொடாத. வர்றேன்."

உடைந்துவிட்டதா என்று கேட்கவில்லை. ஓட்டையா என்று கேட்கவில்லை. தொடாதே என்றான்.

அவள் கொட்டகைக்கு வெளியே வந்து நின்றாள். தூறல். மேற்கே வெளிச்சம் பழுப்பாகி, பாலாற்று மணல்மேட்டில் கருவேல மரங்கள் ஒவ்வொன்றாக இருட்டில் கரைந்துகொண்டிருந்தன. காற்று திரும்பியிருந்தது. ஆனால் வாடை மேற்கிலிருந்து வரவில்லை. முதுகுக்குப் பின்னாலிருந்து, கொட்டகைக்குள்ளிருந்து வந்தது. சுண்ணாம்பு. அழுகிய முட்டை. அதற்கும் அடியில், லேசாக, இன்னொன்று: தேங்காய் எண்ணெயும் மலிவு சென்ட்டும் வியர்வையும் கலந்த ஒன்று. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வெளியே அந்த வாசனைக்காக அவள் காத்து நின்றிருக்கிறாள்.

டொக். டொக். டொக்.

பதில் சொல்ல மாட்டேன் என்று பல்லைக் கடித்தாள். ஓடிப்போனவனுக்கு என்ன பதில்.

அப்போதுதான் அந்த மெசேஜ் மறுபடி கண்முன் வந்தது, எட்டு மாதத்தில் ஆயிரம் தடவை படித்த அதே எழுத்து. ஆல்வின் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்து என்றால் அவனுக்குக் கூச்சம், அதுவும் இவளிடம். 'நீ டிகிரிம்மா, தப்புக் கண்டுபிடிப்ப' என்று ஒரு வார்த்தைகூட டைப் செய்ய மாட்டான். எல்லாம் குரல் பதிவுதான். அவன் ஏன் கடைசியில் மட்டும் எழுதினான்? அதுவும் ஒரு பிழை இல்லாமல்? அவள் கேட்டுக்கொள்ளவில்லை. கோபத்தில் இருந்தாள். கோபம் வந்தால் அவளுக்குக் கண் தெரியாது. அது தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அந்த டிரம்மைக் கழுவும்போது அடியில் வெள்ளையாக ஒரு வளையம் ஒட்டியிருந்தது. வினிகர் ஊற்றினாள். நுரைத்தது. சுண்ணாம்பு. 'மீன் எண்ணெய் டிரம்முல சுண்ணாம்பு எப்டிண்ணா?' என்று கேட்டாள். 'எவனாவது வெள்ளையடிக்கக் கரைச்சு வச்சிருப்பான். நீ நல்லா கழுவு,' என்றான். கழுவினாள். மூன்று முறை. தேங்காய் நாரால் தேய்த்தாள். போகாததை நகத்தால் சுரண்டினாள். நகக்கண்ணில் வெள்ளையாகப் பிசுபிசுத்தது இரண்டு நாள் போகவில்லை. அந்தக் கையாலேயே சாப்பிட்டாள்.

பைக் வந்து நின்றது. இன்பராஜ் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வந்தான். அவன் கொட்டகைக்குள் காலை வைத்ததும் கரண்ட் போனது. ஊர் முழுக்கப் போனது. தூரத்தில் யாரோ 'ஓ' என்று கத்தினார்கள். தகர இடுக்கில் சாம்பல் நிற வெளிச்சம் மட்டும் மிச்சமிருந்தது.

"வள்ளி, நீ வீட்டுக்குப் போ. இத நான் எடுத்துட்டுப் போய்ட்றேன்."

"எங்க?"

"எங்கயோ. உனக்கு வேற டிரம்மு வாங்கித் தர்றேன். போ."

"எங்கேர்ந்து வந்துச்சுன்னு சொல்லு, போறேன்."

"படிச்சவன்னு எல்லாத்துக்கும் கேள்வி கேக்காதடி!"

டொக். டொக். டொக்.

இருவரும் அசையவில்லை. இன்பராஜின் வலது கை கதவின் தகரத்தில் ஊன்றியிருந்தது. அவள் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவிரல் மடங்கியது. அவனுக்கே தெரியாமல், பல வருடப் பழக்கத்தில், கை தானாகவே செய்தது.

டொக். டொக்.

இரண்டு.

அவன் கையை நெருப்புப் பட்டவன்போல் இழுத்துக்கொண்டான்.

"ஆல்வின் போன அன்னிக்கு நீ லீவுன்னு சொன்ன," என்றாள் அமிர்தவள்ளி. "மேல நின்னது யாரு?"

"வள்ளிம்மா…"

"மேல நின்னது யாரு அண்ணா?"

அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். முகம் வேர்த்திருந்தது.

"விஷவாயு கெளம்பும்னு எனக்கு இன்னா தெரியும்? தினம் இறங்கற தொட்டிதான். மூணு தட்டினான். நான் ரெண்டு தட்டினேன். போன் வந்துச்சு. கயித்தக் கம்பில கட்டிட்டுத்தான் போனேன். டீ குடிச்சுட்டு வர எவ்ளோ நேரம் ஆவும்?"

"எவ்ளோ ஆச்சு?"

"அர மணி." ஹெல்மெட்டைக் கையில் திருப்பினான். "முக்கா மணி."

"ரெண்டு தட்டிட்டுப் போன. நீ மேல இருக்கன்னு நம்பித்தான் அவன் உள்ளயே இருந்தான்."

"வேணும்னு பண்ணேனா? ஷாப்ப மூடிடுவாங்க, நீதான் ஜெயிலுக்குப் போவன்னு மேனேஜர் சொன்னாரு. அம்மா இருக்காங்க. நீ இருக்க. ராத்திரியே இந்த டிரம்முல, சுண்ணாம்புல போட்டு…" அங்கே நிறுத்திக்கொண்டான்.

"மெசேஜ்?"

அவன் தரையைப் பார்த்தான்.

"நீ டைப் பண்ணியா?"

"நீ கோவப்பட்டா தேட மாட்டேன்னு எனக்குத் தெரியும்."

வெளியே தூறல் தகரத்தில் கொட்டியது. அவள் டிரம்மைப் பார்த்தாள். கேட்டாள். கேட்காமல் அவளால் இருக்க முடியாது.

"இந்த டிரம்ம ஏன் எங்கிட்ட கொண்டாந்த?"

"எட்டு மாசமா ஷாப்பு பின்னாலயே கெடந்துச்சு. எப்ப பாத்தாலும் அது கண்ணுல படும். உடைச்சா ஏன்னு கேப்பானுங்க. வித்தா எவன் கையிலயாவது மாட்டும். உங்கிட்ட குடுத்தா…" அவன் நிமிர்ந்தான். அந்த வெளிச்சத்தில் அவன் முகத்தில் இருந்தது கெஞ்சலா பெருமையா என்று சொல்ல முடியவில்லை. "நீதான் நல்லா கழுவுவியே. ஓட்ட போட்டு, நம்பர் எழுதி, மலை மேல போய்டும். எவனுக்குத் தெரியும்?"

நல்லா கழுவினாள். மூன்று முறை.

டொக்டொக்டொக். இந்தத் தடவை நிதானம் இல்லை.

"எலிடி அது," என்று கத்தினான் இன்பராஜ். "எலி பூந்திருக்கு. அவ்ளோதான். பாரு, இப்ப பாரு!" மூடியைப் பிடுங்கி எறிந்தான். தீவனம் விளிம்புவரை ஏறியிருந்தது. ஒரு விரல் இடம்கூட இல்லை. சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, ஆத்திரமாக, தோள்வரை கையை உள்ளே விட்டுத் துழாவினான்.

"ஒன்னும் இல்ல. பாத்தியா? ஒன்…"

நிறுத்தினான்.

அவன் கண் அவளைப் பார்த்தது. பிறகு அவன் தோள் ஒரு சாண் கீழே இறங்கியது. அவனாக இறங்கவில்லை.

"வள்ளி."

கன்னம் தீவனத்தில் பதிந்தது. கம்பு மணிகள் மேலே ஏறின. காதுக்குள். மூக்குக்குள். வாயைத் திறந்தான். வாய் நிறைந்தது.

அவள் பாய்ந்து அவன் பெல்ட்டைப் பிடித்தாள். இழுக்கத்தான் பிடித்தாள். இழுத்தால் வந்துவிடுவான். அவள் கைக்கு அது தெரிந்தது. உள்ளேயிருந்து இழுக்கிற பிடி ஒன்றும் பெரிய பலம் இல்லை. ஒரு களைத்துப்போன ஆளின் பலம்.

அவனுடைய வெளிக்கை டிரம்மின் பக்கவாட்டில் அடித்தது. டொக். டொக். டொக்.

கழியில் நாற்பது தலைகள் இதையே பார்த்துக்கொண்டிருந்தன.

அவள் குனிந்தாள். கீழே, அவள் கையால் வட்டம் எடுத்து, அவள் கையால் சீல் வைத்த எல்போ. அதன் வாயில் தீவனம் அசைந்தது. மணிகள் உருண்டு விழுந்தன. ஒரு விரல். மோதிரம் போட்ட விரல். அவள் போன தீபாவளிக்கு அண்ணனுக்கு வாங்கித் தந்த மோதிரம். விரல்கள் காற்றைப் பிடிக்கத் துடித்தன.

அந்த விரல்களுக்கு நடுவே இன்னொரு கை கோத்துக்கொண்டு வந்தது.

வெள்ளை. மயிர் இல்லை. நகம் இல்லை. ஊறிப் பருத்து, நனைந்த சோப்புக்கட்டி மாதிரி.

இரண்டு கையும் சேர்ந்து எல்போவின் விளிம்பில் தட்டின.

மூன்று.

காத்திருந்தன.

எட்டு மாதமாக அவள் தராத பதில். மூன்று நாளாக அவள் மறுத்த பதில். அமிர்தவள்ளி பெல்ட்டை விட்டாள். டிரம்மின்மேல் கையை வைத்தாள். பிளாஸ்டிக் வெதுவெதுப்பாக இருந்தது. நடுவிரலை மடக்கினாள்.

இரண்டு தட்டினாள்.

மேல நான் இருக்கேன். நீ உன் வேலையப் பாரு.

பின்னால் சிறகடிக்கும் சத்தம். கின்னிக்கோழிகள் கழியிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கின. கத்தவில்லை. ஈர மண்ணில் வரிசையாக நடந்து வந்து, பதினோரு நாளாக மிதிக்காத அந்த வட்டத்துக்குள் கால் வைத்து, ஏழாவது டிரம்மின் நாலு வாயையும் சுற்றி நின்றன. முதல் கோழி தலையைச் சாய்த்து, மோதிரத்தை ஒரு கண்ணால் பார்த்துவிட்டு, கழுத்தை நீட்டியது.